வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு அறை பார்ப்பது எப்படி?

(தில்லி அங்கத்தினர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

செயலாளர் அவர்கள் என்னிடம், "மாமா, நீங்கள் சர்க்காரில் இருந்தவர், பென்ஷன் விஷயமாக ஏதாவது பேசுங்களேன்" என்றார். பென்ஷனைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே வேறு ஒரு விஷயம் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலேஜ் ஹாஸ்டலில் இடம் கிடைக்காதபோது, வெளியே அறை பார்த்துக் கொடுக்கிறோமே, அதில் நாம் செய்யும் தவறுகளைப் பற்றியது. "நாம்" என்பது மரியாதைக்காக. செய்தவன் நான்.

என் பெண் வயிற்றுப் பேத்தி நாக்பூரில் வளர்ந்தவள். 2023-ல் கிரேட்டர் நொய்டாவில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.டெக். சேர்ந்தாள். முதல் வருஷம் ஹாஸ்டல் கிடைத்தது. இரண்டாம் வருஷம், "புதிதாக வரும் குழந்தைகளுக்கே இடம் போதவில்லை, சீனியர்கள் வெளியே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். நாக்பூரிலிருந்து மாப்பிள்ளை போன் செய்து, "அப்பா, நீங்கள் தில்லியிலேயே இருக்கிறீர்கள். நீங்களே பார்த்து முடித்துவிடுங்கள்" என்றார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஓய்வு பெற்றபின் ஒரு பொறுப்பு கிடைத்ததே!

கிரேட்டர் நொய்டாவைப் பார்க்காதவர்களுக்காகச் சில வார்த்தைகள். 1991-ல் தனி ஆணையம் அமைத்துத் திட்டம் போட்டுக் கட்டிய ஊர் அது. செக்டர்களுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று கிரேக்க எழுத்துக்களைப் பெயராக வைத்தார்கள். பௌதிகம் படித்த எனக்கு அந்தப் பெயர்களைக் கேட்டதுமே சொந்த ஊர் மாதிரி இருந்தது! பரி சௌக் என்ற பெரிய ரவுண்டானாவை ஒட்டி, நாலெட்ஜ் பார்க் என்ற பகுதியில் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. 2019 ஜனவரியில் நொய்டா செக்டர் 51-லிருந்து கிரேட்டர் நொய்டா வரை அக்வா லைன் மெட்ரோ ஓட ஆரம்பித்தது. சுமார் 30 கிலோமீட்டர், 21 ஸ்டேஷன்கள். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். நேரில் போனால் சாலைகள் அகலம், ஜன நடமாட்டம் குறைவு. எக்ஸ்பிரஸ்வே ஓரமாக வரும் பல ஸ்டேஷன்களில் இருட்டிய பிறகு இறங்குபவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

முதலில் மயூர் விஹாரில் எங்கள் வீட்டிலிருந்தே போகட்டும் என்று நினைத்தோம். ஒரு நாள் நானே அவளோடு போய் வந்தேன். புளூ லைனில் செக்டர் 52 வரை போய், இறங்கி நடந்து, செக்டர் 51-ல் அக்வா லைன் பிடித்து, பிறகு ஷேர் ஆட்டோ. வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு மணி நாற்பது நிமிஷம். சரிப்படாது என்று கைவிட்டோம்.

அந்தச் சமயத்தில் ஒரு நண்பர் மூலமாக நொய்டாவில் ஒரு வீடு கிடைத்தது. நம்மவர்கள். வயதான தம்பதி, பிள்ளைகள் வெளிநாட்டில். மாடியில் ஒரு அறை காலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நானும் என் மனைவியும் போனோம். கோலம் போட்ட வாசல், ஸ்வாமி அறையில் விளக்கு, கும்பகோணம் பக்கத்துப் பூர்வீகம், இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஏதோ ஒரு சம்பந்தம். காபி நன்றாக இருந்தது. அதனால் வீடும் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்துவிட்டேன்.

வாடகை மாதம் 9,000 ரூபாய். மூன்று மாத வாடகை, அதாவது 27,000 ரூபாய், முன்பணம். நான் ஒப்பந்தம் பற்றி மெதுவாக ஆரம்பித்தேன். "நம்மவாளுக்குள்ளே எதுக்கு ஸார் பேப்பர்?" என்றார் அவர். "அதானே" என்றேன் நானும். முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன், எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று கீழே இருப்பவர்களுக்குப் பாடம் சொன்னவன், அன்று ரசீதுகூட வாங்காமல் எழுந்து வந்தேன்.

2024 ஆகஸ்டில் பேத்தி அங்கே குடியேறினாள். போன் செய்தால் "நன்னா இருக்கேன் தாத்தா" என்பாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

2025 பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் ஏழு மணிக்கே தூங்கிப் போனாள். பத்தொன்பது வயதுப் பெண் ஏழு மணிக்குத் தூங்குகிறாளே என்று என் மனைவிதான் மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தாள். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

அந்த வீட்டில் இரவு எட்டரைக்கு கேட் பூட்டிவிடுவார்கள். வயதானவர்கள், சீக்கிரம் படுப்பவர்கள், அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் லாப் முடிய ஐந்தரை ஆகிவிடும். அதன் பிறகுதான் பிராஜெக்ட் வேலைக்கு மற்றவர்கள் கூடுவார்கள். இவள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாளடைவில் அந்தக் குழுவில் இவளைச் சேர்ப்பதையே விட்டுவிட்டார்கள். லைப்ரரி போவது நின்றது. இரண்டு பேப்பரில் மதிப்பெண் இறங்கியது. ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் கடும் பனிமூட்டம். ஸ்டேஷனில் இறங்கினால் ஈ-ரிக்‌ஷா ஒன்றுகூட இல்லை. மூன்று கிலோமீட்டரில் பாதி தூரம் நடந்து, வழியில் ஒரு ஆட்டோ பிடித்து, வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதேகால். கேட்டைத் திறக்க இருபது நிமிஷம். திறந்த பிறகு வாசலிலேயே வைத்துப் புத்திமதி பத்து நிமிஷம்.

"எனக்கு ஏம்மா போன் பண்ணலை?" என்று கேட்டேன்.

"நீங்க பாத்துக் குடுத்த இடம் தாத்தா. எப்படிச் சொல்றது?" என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து மாதம் அந்தக் குழந்தை வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்த வீடு அல்ல, நான். "நல்ல இடம் பார்த்து வைத்திருக்கிறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன் முகம் வாடக்கூடாது என்று அவள் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் காகிதமும் பேனாவும் எடுத்தேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. மாதத்தில் 22 நாள் என்றால் 55 மணி நேரம். ஈ-ரிக்‌ஷா, மெட்ரோ, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு 90 ரூபாய், மாதத்துக்கு 3,960 ரூபாய். ஆக 9,000 ரூபாய் என்று நான் நினைத்த அறையின் உண்மையான வாடகை 12,960 ரூபாயும் 55 மணி நேரமும்.

அவளே ஓர் இடம் பார்த்து வைத்திருந்தாள். காலேஜிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு ஃபிளாட். 24,000 ரூபாய் வாடகையை மூன்று பெண்கள் பங்கிட்டுக்கொள்வது. மற்ற இருவரில் ஒருத்தி கோட்டயத்துக் கிறிஸ்தவப் பெண், இன்னொருத்தி ஜெய்ப்பூர் ஜைனப் பெண். எனக்குக் கேரளத்துப் பெண்ணின் சமையலைப் பற்றித் தயக்கம். உங்களில் பலருக்கும் இருக்கும், மறைப்பானேன்! என் மனைவி, "ஏன்னா, நீங்க பேசாம இருங்கோ, நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பினாள். திரும்பி வந்து சொன்னாள்: "வீட்டுக்குள்ளே அசைவம் சமைக்கறதில்லைன்னு அதுகளே பேசி வெச்சிருக்கு. ஜைனப் பெண் வெங்காயம்கூடத் தொடறதில்லை. நம்மாத்தைவிட ஆசாரம்!" பிப்ரவரியில் மாறினாள்.

பழைய வீட்டில் 27,000-க்கு 9,000 மட்டும் திரும்பி வந்தது. வருஷ நடுவில் காலி செய்தது, வெள்ளையடிப்பது என்று காரணம் சொன்னார்கள். காகிதம் இல்லாததால் நான் ஒன்றும் பேச முடியவில்லை. பணத்தோடு அந்தச் சிநேகிதமும் போயிற்று. ஒரு காகிதம் எழுதியிருந்தால் இரண்டும் மிஞ்சியிருக்கும்.

இந்த அனுபவத்திலிருந்தும் பிறகு விசாரித்ததிலிருந்தும் சில குறிப்புகள். உங்கள் பிள்ளை படிப்பது புணேயோ பெங்களூரோ, பெரும்பாலும் பொருந்தும்.

முதலாவது, நேரம். அறையை ஞாயிறு காலையில் பார்க்காதீர்கள். வேலை நாளில் மாலை ஏழரை மணிக்குக் காலேஜ் வாசலிலிருந்து புறப்பட்டு, பிள்ளை எப்படிப் போகுமோ அப்படியே போய்ப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா, வண்டி கிடைக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, காகிதம். உத்தரப் பிரதேசத்தில் 2021-ல் நகர்ப்புற வாடகைக்குப் புதிய சட்டம் வந்தது. அதன்படி குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். சண்டை வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. நான் கொடுத்தது மூன்று மாதம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே 2021-ல் மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும், உங்கள் ஊர் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் ஏன் என்று பலர் கேட்பார்கள். 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இந்தப் பதினொரு மாதம். பலர் சேர்ந்து ஃபிளாட் எடுத்தால் அத்தனை பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நடுவில் ஒருவர் போனால் அவர் பங்கை யார் கொடுப்பது என்பதையும் எழுதிவிடுங்கள். குடிவருபவர் விவரத்தைப் போலீஸில் தெரிவிப்பதை வீட்டுக்காரர் தட்டிக் கழித்தால் யோசியுங்கள்.

மூன்றாவது, பி.ஜி. என்று சொல்லும் விடுதிகள். இவற்றில் பெரும்பாலும் கிடைப்பது தங்கிக்கொள்ள அனுமதி மட்டும்தான். குடித்தனக்காரருக்கு உள்ள பாதுகாப்பு எல்லாம் அங்கே இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆகவே அவர்கள் விதிமுறைத் தாளைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள். நடுவில் விலகினால் என்ன திரும்ப வரும், சாப்பிடாத நாளுக்குக் கழிவு உண்டா, ஏ.சி.க்குத் தனி மீட்டரா, யூனிட் என்ன விலை என்று பாருங்கள். 2023-ல் பெங்களூரிலும் லக்னோவிலும் ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு மன்றங்கள் விடுதி வாடகைக்கு 12 சதவீத வரி உண்டு என்று சொன்னதால் ஒரு குழப்பம் இருந்தது. 2024 ஜூலை 15 முதல், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரை, தொடர்ந்து 90 நாளாவது தங்குவதாக இருந்தால், அந்த வரி கிடையாது. யாராவது பில்லில் அதைச் சேர்த்தால் கேளுங்கள். அறையைப் பார்க்கும் முன்பே போனில் டோக்கன் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

நான்காவது, உயிர். இதை நிதானமாகக் கேளுங்கள். 2023 செப்டம்பரில் தில்லி முகர்ஜி நகரில் ஒரு பெண்கள் விடுதியில் தீப்பிடித்தது. தீயணைப்புத் துறையினர் வந்து உள்ளே இருந்த பெண்களை மீட்டார்கள். 2024 ஜூலையில் பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட் நூலகத்தில் மழை வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். ஆகவே பேஸ்மென்டில் அறை என்றால் வேண்டாம். மாடிக்கு இன்னொரு படி உண்டா, ஜன்னல் கம்பியில் திறக்கும் பகுதி உண்டா, இரவில் வாசலை வெளியிலிருந்து பூட்டிவிடுகிறார்களா, சாவி உள்ளே யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். குளியலறைக்குள் காஸ் கீஸர் இருந்தால் அந்த இடத்தைத் தள்ளிவிடுங்கள். காற்றுப் போக்கு இல்லாத அறையில் காஸ் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகச் சேர்ந்துகொள்ளும். குளிரில் ஜன்னலை அடைத்துக்கொண்டு குளிக்கும் பிள்ளைக்கு மயக்கம் வருவதே தெரியாது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குளிர் காய்வதும் இதே ஆபத்துதான்.

ஐந்தாவது, ராகிங். வெளியே தங்கினால் காலேஜுக்குப் பொறுப்பில்லை என்று நினைக்க வேண்டாம். யு.ஜி.சி.யின் 2009-ம் வருஷத்து விதிமுறைகள் வளாகத்துக்கு வெளியே உள்ள தனியார் விடுதிகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டே எழுதப்பட்டவை. 1800-180-5522 என்ற இலவச எண்ணைப் பிள்ளைகளின் போனில் பதிந்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. இது எனக்கே நான் சொல்லிக்கொள்வது.

1973-ல் வேலை கிடைத்து நான் தில்லிக்கு வந்தபோது கரோல் பாக்கில் ஒரு பர்ஸாத்தி அறையில் இருந்தேன். வீட்டுக்கார அம்மாள் பஞ்சாபி, பிரிவினையின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். என் ஹிந்தியோ அரைகுறை. அவர் என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். "ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய்? உனக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் ஊரில் யாருக்குத் தந்தி அடிக்க வேண்டும்?" என் ஜாதியையோ சாப்பாட்டையோ கேட்கவில்லை. அந்த வருஷக் குளிரில் எனக்கு டைபாய்டு வந்தது. தந்தி அடித்ததும் அவர்தான், அம்மா வந்து சேரும் வரை கஞ்சி வைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

அப்படி ஒருவர் வீட்டில் இருந்து பிழைத்தவன், பிற்காலத்தில் என் வீட்டு மாடியை வாடகைக்கு விடும்போது என்ன செய்தேன் தெரியுமா? வந்த மாணவர்களிடம் முதலில் கோத்திரம் விசாரித்தேன். இரண்டு பையன்களைத் திருப்பி அனுப்பினேன். அவர்கள் இரவு எங்கே தங்கினார்களோ, தெரியாது. பேத்தி கேட்டுக்கு வெளியே இருபது நிமிஷம் நின்ற கதையைக் கேட்ட பிறகுதான் அந்த இரண்டு முகங்களும் ஞாபகத்துக்கு வந்தன.

நம்மவர் வீட்டில் தங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ பேர் சொந்தப் பிள்ளையாகப் பார்த்துக்கொள்கிறார்கள், இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள். ஆனால் நம்மவர் என்ற ஒரு வார்த்தை தூரத்தைக் குறைக்காது, தெருவிளக்கை ஏற்றாது, ரசீது எழுதாது. அதையெல்லாம் தனியாகப் பார்க்க வேண்டும். முக்கியமாக, அந்தப் பிள்ளை "எனக்கு இங்கே சரிப்படவில்லை" என்று தயக்கமில்லாமல் சொல்லும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும்.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நமது பத்திரிகை பல ஊர்களுக்கும் போகிறது. சென்னையில் இருக்கும் பெற்றோர் கிரேட்டர் நொய்டாவுக்கு வந்து மாலை ஏழரை மணிக்குத் தெருவைப் பார்க்க முடியாது. நான் பார்க்க முடியும். என் பேரன் நாளை மணிபாலில் படித்தால் அங்கே இருக்கும் ஒருவர் பார்க்க முடியும். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று அங்கத்தினர்கள், "நாங்கள் போய்ப் பார்த்துச் சொல்கிறோம்" என்று தங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்தால் போதும். அறை பிடித்துக் கொடுக்க வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். ஒரு மாலை நடந்து பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். தில்லிப் பக்கத்துக்கு முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உண்டு, ஆனால் என் மனைவி கூட வருவாள். அவள் பார்த்தால்தான் சரியாகவும் இருக்கும்.